வெளிநாட்டுக் கல்வி ஆலோசகர்களுக்கு: "வாரம் 20 மணி நேரம்" என்று மட்டும் சொல்லி அனுப்பாதீர்கள்

மாணவர்களை வெளிநாடுகளுக்கு அனுப்பிவைக்கும் கல்வி ஆலோசகர்களுக்கும் முகவர்களுக்கும்,

வணக்கம்.

உங்கள் விளம்பரத் தாள்களிலும் கருத்தரங்குகளிலும் ஒரு வரி தவறாமல் வருகிறது: "படித்துக்கொண்டே வாரம் 20 மணி நேரம் வேலை பார்க்கலாம்." அதையொட்டி இன்னொரு வரி: "செலவை அதிலேயே சமாளித்துக்கொள்ளலாம்." முதல் வரி பாதி உண்மை. இரண்டாவது, கணக்குப் போட்டுப் பார்த்தால் நிற்காது. இரண்டையும் நம்பிப் போன மாணவர், விதியை மீறிவிட்டதாகக் கடிதம் வரும்போது தனியாகத்தான் நிற்கிறார். அவரைச் சேர்த்துவிட்டதற்கான கமிஷன் அதற்குள் உங்கள் கணக்குக்கு வந்திருக்கும்.

மாணவர்களின் விசா நிபந்தனைகளையும் வேலை விதிகளையும் பார்த்துச் சொல்வது எங்கள் வேலை. நாங்கள் கேட்பது இதுதான். கல்விக் கட்டணத்தின் முதல் தவணையை மாணவர் கட்டுவதற்கு முன்பே, அவர் போகும் நாட்டுக்கும் சேரும் படிப்புக்கும் உரிய வேலை விதியை ஒரே தாளில் எழுதி, தேதி போட்டு, அவர் கையில் கொடுங்கள். அந்தத் தாளில் என்னென்ன இருக்கவேண்டும், இல்லாவிட்டால் எங்கே இடிக்கும் என்பதைக் கீழே சொல்கிறோம்.

முதலில் எண். 20 என்பது எல்லா நாட்டுக்கும் பொதுவான எண் அல்ல. கனடாவில் வளாகத்துக்கு வெளியே வாரம் 24 மணி நேரம். இது 2024 நவம்பர் 8 முதல். ஆஸ்திரேலியாவில் இரண்டு வாரத்துக்கு 48 மணி நேரம். 2023 ஜூலை 1 முதல். நியூசிலாந்தில் வாரம் 25 மணி நேரம். இது 2025 நவம்பர் 3 முதல். அயர்லாந்தில் 20 மணி நேரம்தான், ஆனால் ஜூன் முதல் செப்டம்பர் வரையிலும் டிசம்பர் 15 முதல் ஜனவரி 15 வரையிலும் 40. நெதர்லாந்தில் வாரம் 16, அல்லது ஜூன், ஜூலை, ஆகஸ்ட் மூன்று மாதமும் முழுநேரம். அதற்கும் வேலை கொடுப்பவர் முன்கூட்டியே அனுமதி வாங்கியிருக்கவேண்டும். பிரான்சில் வாரக் கணக்கே இல்லை, ஆண்டுக்கு 964 மணி நேரம். ஜப்பானில் தனி அனுமதி பெற்றபின் வாரம் 28, வாரத்தின் எந்த நாளிலிருந்து எண்ணத் தொடங்கினாலும் 28-ஐத் தாண்டக்கூடாது.

பிரிட்டனில் 20 என்பது பட்டப்படிப்பு நிலைக்கும் அதற்கு மேலும்தான். அதற்குக் கீழே உள்ள படிப்புகளுக்கு 10. பட்டப்படிப்புக்கு முன் ஓராண்டு ஆயத்தப் படிப்பையும் சேர்த்து ஒரே தொகுப்பாக விற்பவர்கள் உங்களில் நிறையப் பேர். அந்த முதல் ஆண்டு முழுக்க மாணவருக்கு 10 மணி நேரம்தான் என்பதை எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறீர்கள்?

அடுத்தது, அந்த எண்ணை எப்படி எண்ணுகிறார்கள் என்பது. அதிகம் பேர் மாட்டுவது இங்கேதான். விசா விதியில் வேண்டுமென்றே ஏமாற்றுகிறவர்களை விட, தப்பாகக் கூட்டிக் கழித்துவிட்டு "நான் மீறவே இல்லையே" என்று நிற்கிறவர்களைத்தான் நாங்கள் அதிகம் பார்க்கிறோம்.

பிரிட்டனில் வாரம் திங்கட்கிழமை தொடங்கி ஞாயிறு நள்ளிரவில் முடிகிறது. சராசரி கிடையாது. ஒரு வாரம் 24, அடுத்த வாரம் 16 பார்த்துவிட்டு "சராசரி 20தானே" என்றால் முதல் வாரம் மீறல். இரவு ஷிஃப்ட்டைப் பாருங்கள்: ஞாயிறு இரவு 10 மணிக்குத் தொடங்கித் திங்கள் காலை 6 மணிக்கு முடியும் 8 மணி நேர வேலையில் 2 மணி நேரம் போன வாரத்துக்கும் 6 மணி நேரம் புது வாரத்துக்கும் போகும். சனிக்கிழமை வரை 18 மணி நேரம் பார்த்தவருக்கு அந்த 2 மணி நேரத்தோடு 20 நிறைந்துவிட்டது. திங்கள் காலையில் வீடு திரும்பும்போதே புது வாரத்தில் 14 மணி நேரம்தான் மிச்சம். மேலாளர் மாதச் சம்பளத்துக்கு மொத்த மணி நேரத்தைக் கூட்டுவாரே தவிர, மாணவரின் விசா வாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கமாட்டார். சம்பளச் சீட்டில் நான்கைந்து வாரம் ஒன்றாகக் கலந்து வரும். எனவே திங்கள் முதல் ஞாயிறு வரை என்று தனிக் குறிப்பை மாணவரே எழுதிவரவேண்டும்: தேதி, தொடங்கிய நேரம், முடித்த நேரம், எந்த இடம். இரண்டு இடத்தில் வேலை பார்த்தால் இரண்டையும் கூட்டித்தான் 20. ஒரு முதலாளிக்கு இன்னொரு இடத்தின் கணக்குத் தெரியாது. கணக்கு வைக்கும் பொறுப்பு மாணவருடையது.

ஆஸ்திரேலியாவின் 48 மணி நேரம் இதைவிடச் சிக்கல். இரண்டு வாரம் என்றால் திங்கட்கிழமை தொடங்கும் 14 நாள். எந்தத் திங்கள் என்று விதி குறிக்கவில்லை, எல்லாத் திங்களும்தான். ஒவ்வொரு திங்கட்கிழமையும் புதிய 14 நாள் கணக்கு ஒன்று பிறக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மாணவர் நான்கு வாரத்தில் முறையே 18, 30, 30, 18 மணி நேரம் பார்க்கிறார். இரண்டிரண்டாகப் பிரித்து 48, 48 என்று கூட்டி நிம்மதியாக இருக்கிறார். இரண்டாவது வாரத்தையும் மூன்றாவது வாரத்தையும் கூட்டினால் 60. அது மீறல். சம்பளம் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வரும் நாட்டில், சம்பளக் காலத்தையே விசாக் காலமாக எடுத்துக்கொள்வது இயல்பு. அதனால்தான் இந்தத் தப்பு திரும்பத் திரும்ப நடக்கிறது. வாரம் 24-ஐத் தாண்டாமல் இருந்தால் எந்தக் கணக்கிலும் இடிக்காது. உங்கள் தாளில் அப்படியே எழுதிவிடுங்கள்.

ஜெர்மனியின் விதி படிக்கத்தான் தலை சுற்றும், உண்மையில் தாராளமானது. 2024 மார்ச் 1 முதல் ஆண்டுக்கு 140 முழு நாள் அல்லது 280 அரை நாள். ஒரு நாளில் 4 மணி நேரம் வரை அரை நாள். அதைத் தாண்டினால் முழு நாள். ஆகவே தினம் 5 மணி நேர ஷிஃப்ட் எடுக்கிறவர் 5 மணி நேரத்துக்கு ஒரு முழு நாளைக் கரைக்கிறார். அதற்கு மாற்றாக இன்னொரு வழியும் உண்டு. வகுப்பு நடக்கும் காலத்தில் வாரம் 20 மணி நேரத்துக்குள் நிறுத்திக்கொண்டால் அந்த வாரத்துக்கு இரண்டரை நாள்தான் கழிப்பார்கள். வகுப்பில்லாத காலத்தில் எத்தனை மணி நேரம் பார்த்தாலும் வாரத்துக்கு அதே இரண்டரை நாள். மாணவருக்கு எது சாதகமோ அதை எடுத்துக்கொள்ளலாம். 52 வாரமும் இப்படிப் பார்த்தாலும் 130 நாள்தான் ஆகிறது. பல்கலைக்கழகத்துக்குள் மாணவ உதவியாளராகப் பார்க்கும் வேலை இந்தக் கணக்கில் வராது. பாடத்திட்டம் கட்டாயமாக்கிய பயிற்சியும் வராது. தானாகத் தேடிக்கொண்ட பயிற்சி வரும், சம்பளம் இல்லாவிட்டாலும்.

அமெரிக்காவில் எண்ணை விட இடமே முக்கியம். எஃப்-1 எனும் மாணவர் விசாவில் வாரம் 20 மணி நேரம் என்பது வளாகத்துக்குள் மட்டும். வெளியே ஒரு மணி நேரம் பார்த்தாலும் அனுமதியில்லாத வேலைதான். அப்படி வேலை பார்த்து மாணவத் தகுதியை இழந்தவர், அதைத் திரும்பப் பெறும் வழக்கமான மனுவைக்கூடக் கொடுக்க முடியாது. அனுமதியில்லாத வேலை அந்தக் கதவை அடைத்துவிடுகிறது. படிப்போடு இணைந்த பயிற்சியான சிபிடி, வேலை தொடங்கும் முன்பே, கல்லூரி தரும் ஐ-20 எனும் மாணவத் தகுதிப் படிவத்தில் பதிவாகியிருக்கவேண்டும். முழுநேர சிபிடியில் 12 மாதத்தை எட்டிவிட்டால், அதே பட்ட நிலையில் ஓபிடி, அதாவது படித்த துறையில் தற்காலிகமாக வேலை பார்க்கும் அனுமதி, கிடையாது. "முதல் நாளிலிருந்தே சிபிடி" என்று சொல்லிப் படிப்பை விற்கிறவர்கள் இந்த 12 மாத விதியை ஏனோ சொல்வதில்லை. ஓபிடி கிடைத்தபிறகும் வேலையில்லாமல் இருக்கும் நாட்கள் மொத்தமாக 90-ஐத் தாண்டக்கூடாது.

விடுமுறையைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். "லீவில் ஃபுல் டைம்" என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறீர்கள். எது லீவு?

பிரிட்டனில் ஓராண்டு முதுநிலைப் படிப்புக்குப் போகிறவர்கள்தான் உங்கள் வாடிக்கையாளர்களில் பெரும்பகுதி. மே, ஜூனில் வகுப்பு முடிந்து வளாகம் காலியாகிவிடும். இளநிலை மாணவர்கள் முழுநேர வேலைக்குப் போவார்கள். முதுநிலை மாணவரும் கூடவே போய்விடுகிறார். ஆனால் அவருக்கு அது ஆய்வேடு எழுதும் காலம். வழக்கமாகப் பல்கலைக்கழகம் அதைப் படிப்புக் காலமாகவே கணக்கில் வைத்திருக்கும். படிப்பு முடியும் தேதி வரை 20-ஐத் தாண்டக்கூடாது. முனைவர் பட்ட ஆய்வாளருக்கும் கோடை விடுமுறை என்று ஒன்று தானாக வராது. பல்கலைக்கழகத்தின் பருவத் தேதிகளைக் காட்டும் கடிதம்தான் ஆதாரம். அதை மாணவரிடம் கேட்டு வாங்கி வைப்பது முதலாளியின் கடமையும்கூட. சட்டவிரோதமாக வேலை கொடுத்தால் ஒரு ஆளுக்கு 45,000 பவுண்டு வரை, மீண்டும் மாட்டினால் 60,000 வரை அபராதம் என்று 2024 பிப்ரவரியில் உயர்த்திவிட்டதால், பெரிய கடைகள் கடிதம் இல்லாமல் ஷிஃப்ட் போடுவதில்லை. சின்ன இடங்கள் கேட்பதில்லை. கேட்காத இடத்தில் வேலை பார்த்தாலும் மீறல் மீறல்தான்.

கனடாவில் விடுமுறை என்பது கல்லூரியின் நாட்காட்டியில் முன்கூட்டியே அறிவித்த இடைவேளை. அதற்கு முந்தைய பருவத்திலும் பிந்தைய பருவத்திலும் முழுநேர மாணவராக இருக்கவேண்டும். இத்தகைய முழுநேர வேலைக் காலம் ஒரு நாட்காட்டி ஆண்டில் மொத்தம் 180 நாளைத் தாண்டக்கூடாது. கல்லூரியின் அனுமதியோடு படிப்பை இடையில் நிறுத்தி வைத்திருந்தாலும், அந்தக் காலத்தில் வேலை பார்க்கவே கூடாது. உடல்நிலை சரியில்லை என்று ஒரு பருவம் ஒதுங்கியவர், "சும்மாதானே இருக்கிறேன்" என்று கடைக்குப் போய்விடுவார். பின்னால் பட்டம் பெற்றபின் வேலை அனுமதிக்கு விண்ணப்பிக்கும்போது அது வெளியே வரும். வகுப்பு தொடங்கும் முன் போய் இறங்கி வேலையில் சேர்வதும் கனடா, ஆஸ்திரேலியா இரண்டிலும் தப்பு.

வேலை என்றால் எது என்பதும் நாட்டுக்கு நாடு மாறும். சம்பளமில்லாத பயிற்சி ஷிஃப்ட் பிரிட்டனில் 20-க்குள் சேரும். உணவு கொண்டுபோய்க் கொடுக்கும் செயலிகளில் ஓட்டுபவர்களைப் பெரும்பாலும் சுயதொழில் செய்பவர்களாகவே பதிகிறார்கள். பிரிட்டனிலும் அயர்லாந்திலும் மாணவர் சுயதொழில் செய்யக்கூடாது. ஒரே ஒரு பொட்டலம் கொடுத்தாலும் மீறல், மணி நேரக் கணக்குக்கே இடமில்லை. அமெரிக்காவிலும் அப்படியே. ஆஸ்திரேலியாவில் செய்யலாம், நேரம் 48-க்குள் சேரும். கனடாவிலும் செய்யலாம், 24-க்குள். ஜெர்மனியில் வெளிநாட்டவர் அலுவலகத்தின் தனி அனுமதி வேண்டும். வேறொருவரின் கணக்கை வாடகைக்கு எடுத்து ஓட்டுவது ஆள்மாறாட்டம். இப்படிச் செய்யலாம் என்று யோசனை சொல்லும் வாட்ஸ்அப் குழுக்களில் உங்கள் ஊழியர்களும் இருக்கிறார்கள் என்பது எங்களுக்குத் தெரியும்.

சொந்த நாட்டு நிறுவனத்துக்கு அறையில் உட்கார்ந்து இணையவழி வேலை பார்ப்பதைப் பற்றி அடிக்கடி கேட்கிறார்கள். கனடாவுக்கு வெளியே உள்ள முதலாளிக்குப் பார்க்கும் இணையவழி வேலை 24-இல் சேராது. பிரிட்டனில் சேரும், பிரிட்டன் மண்ணில் இருந்து செய்வதால் அங்கத்திய நிபந்தனை பொருந்தும்.

இனி பணம். பிரிட்டனையே எடுத்துக்கொள்வோம். 2026 ஏப்ரல் முதல் 21 வயது நிறைந்தவருக்குக் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 12.71 பவுண்டு. வாரம் 20 மணி நேரம் என்றால் 254.20. ஒரு வாரம்கூட விடாமல் 52 வாரமும் பார்த்தால், மாதத்துக்குச் சராசரி 1,101 பவுண்டு, பிடித்தம் போகுமுன். லண்டனுக்கு வெளியே வாழ்க்கைச் செலவுக்கென்று மாணவர் விசாவுக்குக் காட்டவேண்டிய தொகையே மாதம் 1,171; லண்டனில் 1,529. அரசாங்கம் சொல்லும் வெறும் வாழ்க்கைச் செலவுக்கே 70 பவுண்டு துண்டு விழுகிறது. கல்விக் கட்டணத்துக்கு இதில் ஒரு பைசா இல்லை. 18 முதல் 20 வயது வரை உள்ளவருக்குக் கூலி 10.85தான், அவர் கணக்கு இன்னும் கீழே. போய் இறங்கிய மறுவாரமே வேலை கிடைக்கும், 20 மணி நேரமும் கொடுப்பார்கள் என்ற இரண்டு அனுமானமும் இதற்குள் ஒளிந்திருக்கின்றன. "பார்ட் டைம் பார்த்து ஃபீஸ் கட்டிவிடலாம்" என்று நம்பிக் கடன் வாங்கியவர், இரண்டாவது தவணை நெருங்கும்போது என்ன செய்வார்? இருபதை முப்பதாக்குவார். அல்லது ரொக்கமாகக் கொடுக்கும் இடம் தேடுவார். மீறல்களின் வேர் இந்த ஒற்றை வாக்கியத்தில்தான் இருக்கிறது, மாணவரின் பேராசையில் இல்லை.

ரொக்க வேலையைப் பற்றி இரண்டு உண்மைகளை மாணவருக்குச் சொல்லியாகவேண்டும். கையில் வாங்கினாலும் அந்த மணி நேரமும் கணக்கில் வரும். சம்பளச் சீட்டு இல்லை என்பதால் வேலையே நடக்கவில்லை என்று ஆகிவிடாது. இரண்டாவது, விதியை மீறியவரின் கூலியை முதலாளி சாப்பிட்டுவிட முடியாது. ஆஸ்திரேலியாவில் வெளிநாட்டு மாணவருக்கும் அதே குறைந்தபட்சக் கூலி, அதே ஓய்வூதியப் பங்களிப்பு. "சொன்னபடி கேட்காவிட்டால் விசாவை கேன்சல் பண்ணிவிடுவேன்" என்று மிரட்டும் முதலாளிக்கு அந்த அதிகாரம் கிடையாது. விசா நிலையைக் காட்டி மிரட்டி வேலை வாங்குவதே 2024 ஜூலை 1 முதல் அங்கே குற்றம். கூலி ஏமாற்றப்பட்டவர் ஃபேர் வொர்க் ஆம்பட்ஸ்மன் அலுவலகத்தில் புகார் செய்யலாம். புகார் கொடுப்பவரின் விசாவுக்குப் பாதுகாப்புத் தரும் ஏற்பாடும் இருக்கிறது. சுரண்டலுக்கு ஆளானவர்களில் பலர் வாயைத் திறக்காததற்குக் காரணம், தாங்கள் ஏற்கெனவே குற்றவாளி என்று நினைத்துக்கொள்வதுதான்.

துணைவரைக் கூட்டிப்போவதையும் வேலையோடு சேர்த்தே விற்கிறீர்கள். 2024 ஜனவரி 1-க்குப் பிறகு தொடங்கும் படிப்புகளில், பிரிட்டனில் பாடம் சார்ந்த முதுநிலை மாணவர் பொதுவாகக் குடும்பத்தை அழைத்துப்போக முடியாது. கனடாவில் 2025 ஜனவரி 21 முதல், துணைவருக்கான திறந்த வேலை அனுமதி முனைவர் பட்டம், 16 மாதத்துக்குக் குறையாத முதுநிலை, குறிப்பிட்ட சில தொழிற்படிப்புகள் ஆகியவற்றுக்கே. அமெரிக்காவில் எஃப்-2 விசாவில் வரும் துணைவர் வேலை பார்க்கவே கூடாது. இந்த மூன்றும் தெரியாமல் வீட்டை விற்றுவிட்டுக் கிளம்புகிற குடும்பங்கள் உண்டு.

ஆகவே தாளில் வரவேண்டியவை: உச்சவரம்பு மணி நேரம், வாரமோ இரு வாரமோ எந்தக் கிழமையில் தொடங்குகிறது, அந்தப் படிப்புக்கு உண்மையான விடுமுறைத் தேதிகள், எந்த நாள் முதல் வேலை தொடங்கலாம், சுயதொழிலுக்கு இடமுண்டா, துணைவர் நிலை, குறைந்தபட்சக் கூலி, கூலிப் புகாருக்கு எந்த அரசு அலுவலகம். விடுமுறைத் தேதிகளை ஊகித்து எழுதாதீர்கள். பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்திடம் எழுத்தில் கேளுங்கள். அடியில் உங்கள் பெயரும் கையெழுத்தும் இருக்கட்டும். கனடா விண்ணப்பமாக இருந்தால் குடிவரவு ஆலோசகர் உரிம எண்ணும் வேண்டும். காசு வாங்கிக்கொண்டு அந்நாட்டுக் குடிவரவு ஆலோசனை சொல்ல வழக்கறிஞர்களுக்கும் உரிமம் பெற்றவர்களுக்குமே அதிகாரம், நீங்கள் எந்த நாட்டில் உட்கார்ந்திருந்தாலும்.

பழைய தாள்களைத் திரும்பப் பெறுங்கள். கனடாவில் 2022 நவம்பர் 15 முதல் 2024 ஏப்ரல் 30 வரை பலருக்கு நேர வரம்பே இல்லாமல் இருந்தது. ஆஸ்திரேலியாவிலும் 2023 ஜூன் முடிவு வரை அப்படித்தான். அந்தக் காலத்தில் படித்த சீனியர்கள் "நாங்கள் நாற்பது மணி நேரம் பார்த்தோமே" என்று சொல்வது பொய்யில்லை, காலாவதியானது. அவர்களின் காணொளிகள் உங்கள் பக்கங்களில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன. பிரிட்டனில் படிப்பு முடிந்தபின் இரண்டு ஆண்டு தங்கி வேலை பார்க்கலாம் என்ற வரியையும் திருத்துங்கள்: 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிக்கும் இளநிலை, முதுநிலைப் பட்டதாரிகளுக்கு அது 18 மாதம். இப்போது அங்கே போகும் மாணவர்களில் பெரும்பாலோர் அந்தத் தேதிக்குப் பிறகுதான் விண்ணப்பிக்கப்போகிறார்கள். ஏற்கெனவே நீங்கள் அனுப்பிவைத்தவர்களுக்கும் இந்தத் திருத்தங்களை இந்த மாதத்துக்குள் எழுதி அனுப்புங்கள். அவர்களுடைய எண்கள் உங்களிடம் இருக்கின்றன.

இப்படிக்கு,
வெளிநாட்டு மாணவர்களுக்கு விசா, வேலை விதிகளில் வழிகாட்டுவோர்